முகம் பார்த்துப் பரிமாறுகிறவள்

சன்னலுக்கு வெளியே நிற்கிற ஆளின் முகத்தை இவோன் ஒரு தடவை நன்றாகப் பார்ப்பாள். பிறகு அடுப்பின் மேலிருக்கும் மூன்று பானைகளைப் பார்ப்பாள். ஆள் வாய் திறப்பதற்குள் கரண்டி ஏதோ ஒரு பானைக்குள் இறங்கியிருக்கும். "உங்களுக்கு இண்டைக்கு மீன்" என்று பெட்டியை மூடி நீட்டுவாள். இல்லை, எனக்கு ஆட்டிறைச்சிதான் வேண்டும் என்று யாராவது சொன்னால், காதில் விழாதது மாதிரி அடுத்த ஆளின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து மவுண்ட் வெல்லிங்டனில், கிடங்குகளும் பழைய மர வீடுகளும் மாறி மாறி வரும் ஒரு தெருவில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கராஜ்தான் அவளுடைய சமையற்கூடம். செவ்வாய் முதல் வெள்ளி வரை மத்தியானச் சாப்பாடு மட்டும். ஒரு இறைச்சி, ஒரு மீன், ஒரு மரக்கறி. எதை வாங்கினாலும் விலை ஒன்றுதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள், பெரிய ஷாப்பிங் சென்டரில் வேலை செய்கிற பெண்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்துவிட்டுச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ஓடி வருகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்று வரிசை தெருவரைக்கும் வந்துவிடும். முதல் தடவை வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். மறுபடி வரும்போது, தங்களுக்கு இன்று என்ன விழப்போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முகத்தில் அப்படி என்னதான் தெரிகிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தூக்கமில்லாமல் வேலை முடித்து வருகிறவனுக்கு எலுமிச்சை பிழிந்த மீன் சாறும் அவித்த வாழைக்காயும் கொடுப்பாள். காருக்குள் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவளுக்கு ஆட்டிறைச்சியும் அதில் குழைய வெந்த கூமரா என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போகும், கேட்காமலே இன்னொரு கரண்டியும் விழும். மேலாளராகப் பதவி உயர்ந்த கையோடு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவருக்கு அவள் வெறும் கீரையும் சோறும் கொடுத்து அனுப்பியதை அந்தத் தெருவே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

கோயம்புத்தூர்ப் பெண்ணான அஸ்வினி, மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறவள், இந்த அதிகாரத்தை ஆரம்பத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. மெனுவைப் பார்த்து ஆர்டர் செய்துதான் தனக்குப் பழக்கம் என்று சண்டைக்கு நின்றாள். இவோன் இந்த ஊர்க் கடலில் கிடைக்கும் பச்சை ஓட்டு மட்டியைக் கொத்திப் போட்டுப் பொரித்த வடைகளையும் ஒரு கிண்ணம் குழம்பையும் கொடுத்தாள். அஸ்வினி காரில் உட்கார்ந்தே சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். "அக்கா, இது எங்க வீட்டுச் சமையல் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றாள். "ரெண்டும் சரி" என்றாள் இவோன்.

அஸ்வினி சொன்னது உண்மைதான். இவோன் பிறந்தது கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில். கரும்பு வெட்டுவதற்காகக் காரைக்காலில் கப்பலேற்றப்பட்டவர்களின் வழியில் வந்த குடும்பம். வீரப்பன் என்ற பாட்டன் பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் நசுங்கி விராப்பென் ஆகி, அவளுடைய கடவுச்சீட்டில் இன்றைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ப் பேச்சு குடும்பத்திலிருந்து எப்போதோ போய்விட்டது. அடுப்படி மட்டும் போகாமல் நின்றுவிட்டது. கடுகையும் வெந்தயத்தையும் சீரகத்தையும் ஒரே போத்தலில் கலந்து வைத்துக்கொண்டு, அவற்றை எண்ணெயில் வெடிக்கவிட்டுத்தான் அவளுடைய அம்மா எந்தக் கறியையும் தொடங்குவார். அரிசியை வறுத்துப் பொடித்து மசாலாவில் சேர்ப்பார். அந்தக் குழம்புக்கு அங்கே கொலம்போ என்று பெயர். யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர்கள் இது ஏதோ கொழும்பு நகரத்துச் சமையல் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அவளும் திருத்தமாட்டாள்.

ஆக்லாந்து வந்தபிறகு அந்தக் குழம்புக்குள் இந்த ஊரும் இறங்கியது. கருணைக்கிழங்கின் இடத்தைக் கூமரா பிடித்துக்கொண்டது. தீவில் வெள்ளாட்டை மட்டுமே தொட்டவள், இங்கே செம்மறியின் கழுத்துத் துண்டையும் விரும்பத் தொடங்கினாள். இந்த ஊர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சி மிஞ்சினால் திங்கட்கிழமை அதை உருளைக்கிழங்கு மசியலால் மூடி வேகவைத்துச் சாப்பிடுவார்கள். இவோன் அந்த மசியலுக்குப் பதிலாக, சீமைப்பலா என்றும் சொல்கிற ஈரப்பலாக்காயை மசித்து மூடினாள். பக்கத்து வீட்டு சமோவாக்காரப் பெண்மணி அதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று உரிமை கொண்டாடினார். இவோனுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

திங்கட்கிழமைகளில் தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு புக்கெகோஹிக்குப் போவாள். வெங்காயமும் கீரையும் வாங்குவது ஒரு பக்கம். முக்கியமான காரியம் மிளகாய். அங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் ஈரோட்டுக்காரர் நல்லசாமி, கண்ணாடிக் கூடாரத்தின் ஒரு மூலையில் அவளுக்காகவே கரீபியன் மிளகாய்ச் செடி வளர்க்கிறார். நசுக்கிய தொப்பி போலிருக்கும், மணம் எட்டு வீட்டுக்கு அடிக்கும். அதை இவோன் வெட்டமாட்டாள். காம்போடு முழுசாகக் குழம்பின் மேல் மிதக்கவிட்டு, மணம் இறங்கியதும் அப்படியே தூக்கி எடுத்துவிடுவாள். உள்ளே வெடித்ததோ, பானை முழுக்க நெருப்பாகிவிடும். மிளகாய் மிதக்கும் நேரத்தில் சில்வெஸ்ரர்கூட அவளிடம் பேச்சுக் கொடுக்கமாட்டான்.

சில்வெஸ்ரர் அவள் கணவன், மன்னார்க்காரன், எலெக்ட்ரீஷியன். கராஜுக்கு வயர் இழுத்ததும் புகைபோக்கி வைத்ததும் அவன்தான். இரண்டு பேரும் சந்தித்தது பாரிசில் ஒரு உணவகத்தின் அடுப்படியில். அவள் அங்கே உதவிச் சமையற்காரி. பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஈழத்து இளைஞர்கள். ஆகையால் அவள் படித்த முதல் தமிழ்ச் சொல் சீக்கிரம் என்பதற்கான 'கெதியா', அடுத்தது 'தள்ளு'. இன்றைக்கும் அவள் பேசுவது அடுப்படித் தமிழ்தான். மன்னார்ச் சனம் கூடும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், மெழுகுதிரியோடு பீடத்துக்கு நடக்கும்போது, அடுப்படியில் சூட்டுப் பானை தூக்கிப் போகிறவர்கள் வழி கேட்பது போல, "பின்னால சூடு, பின்னால சூடு" என்று சொல்லிக்கொண்டு போனவள் அவள். கட்டின புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை மன்னார் உறவுகள் முதலில் ஒருமாதிரிப் பார்த்தார்கள். பிறகு அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

செஃப் விசாவில் இந்த நாட்டுக்கு வந்து, நகரத்து ஹோட்டல் ஒன்றில் நல்ல பதவியில் இருந்தவள்தான். சாப்பிடுகிறவர் முகம் தெரியாமல், துண்டுச் சீட்டைப் பார்த்துச் சமைப்பது அவளுக்குச் சரிப்படவில்லை. வீட்டு மோட்கேஜ் கடன் பாதி நிற்கும்போதே வேலையை விட்டாள். சில்வெஸ்ரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான், ஆனால் மறுவாரமே வயரிங் சாமான் வாங்கிக்கொண்டு வந்தான்.

இப்படி எல்லார் முகத்தையும் படிக்கிறவள், சாந்தகுமாரி அன்ரியின் முகத்தை மட்டும் முதல் நாள் தவறாகப் படித்துவிட்டாள். அது அவள் குற்றம் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், தோளில் மடிப்புக் கலையாத சால்வை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். கணவர் இராசநாயகம் ஓய்வுபெற்ற கணக்காளர், கோயில் நிர்வாகசபையில் இருக்கிறவர். புலால் உண்ணாமையைப் பற்றித் திருவிழாவுக்குத் திருவிழா பேசுகிறவர், அதுவும் சுருக்கமாகப் பேசமாட்டார். இவோன் யோசிக்காமல் ஈரப்பலாக்காய்க் கறியைப் போட்டுக் கொடுத்தாள். அன்ரி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தார்.

மூன்றாம் முறை வந்தவர், பெட்டியைக் கையில் வாங்கியபிறகும் நகரவில்லை. கறியை எப்படிச் சூடாக்குவது என்று கேட்டார். ஆயுள் முழுக்கச் சமைத்த மனுசிக்கு அது தெரியாதா? இவோன் அவர் கண்களைப் பார்த்தாள். அவை ஆட்டிறைச்சிப் பானையைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு வந்தன. இவோன் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"அன்ரி, இது அங்கிளுக்கு. உங்களுக்கு இதில்லை. உள்ளுக்கு வாங்கோ" என்றாள்.

அன்ரி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பெரிய குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், சன்னலுக்குத் தெரியாத இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்தாள் இவோன். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இவோன் போட்டுக் கொடுத்த ஆட்டிறைச்சித் தட்டை அவர் வழித்துச் சாப்பிட்டார். எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சிய விதத்தைப் பார்த்ததும், இது புதிதாக ருசி பார்க்கிற வாயில்லை என்பது இவோனுக்குத் தெரிந்துவிட்டது.

கை கழுவிய பிறகுதான் விஷயம் வந்தது. அன்ரியின் தகப்பன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பங்கிறைச்சி வரும். நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கல்யாணம் சுத்தச் சைவ வீட்டில் அமைந்தது. கழுத்தில் தாலி ஏறிய அன்றைக்கு நின்றது, அவ்வளவுதான்.

"ஒருத்தரும் விடச் சொல்லேல்லைப் பிள்ளை. விடவோ எண்டு கேக்கவும் இல்லை" என்றார் அன்ரி. பிறகு இவோனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. மனம் நொந்துபோவார்."

சொல்லமாட்டேன் என்று இவோன் வாக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் ஆட்டிறைச்சிதான். அன்றைக்குத்தான் இராசநாயகம் ரயிலேறி மனுரேவாவில் மூத்தோர் சங்கக் கூட்டத்துக்குப் போவார். அன்ரி முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார், சவர்க்காரமும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கை கழுவுவார், கராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கணவருக்கான ஈரப்பலாக்காய்க் கறியை வாங்கிக்கொண்டு புறப்படுவார். அந்தக் கறியை அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. "எனக்கு உது தொண்டைக்குள்ள இறங்காது பிள்ளை. அவருக்குத்தான் உயிர்" என்று சிரிப்பார். வீட்டில் சமைப்பதெல்லாமே அவருக்குப் பிடித்தவைதான், தனக்குப் பிடித்ததை யோசித்துச் சமைக்க மறந்துபோய்விட்டது என்று ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தி போலத்தான் சொன்னார். இவோனுக்கு அன்றைக்குப் பூராவும் மனம் சரியில்லை. இப்படியே சில வருடங்கள் போயின.

போன குளிர்காலத்தில் ஒரு காலை சாந்தகுமாரி குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இவோன் செத்த வீட்டுக்குப் போய், மற்றப் பெண்களோடு சுவரோரமாக நின்றுவிட்டு வந்தாள். தெரிந்த வாடிக்கைக்காரி என்பதற்கு மேல் அங்கே அவளுக்கு ஒரு உறவும் இல்லை. ஆனால் அழுகை மட்டும் உறவுக்காரருக்கு வருவது போலவே வந்தது.

நாலு நாள் கழித்து, அன்ரியின் மகள் ராகவி தொலைபேசியில் கூப்பிட்டாள். மருந்தகத்தில் வேலை செய்கிறவள், எதையும் ஒழுங்காகத் திட்டமிடுகிற பெண். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எட்டுச் செலவு செய்கிறோம் என்றாள். எட்டாம் நாளில், செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, இலையில் படைத்து, பிறகு அந்த இலையை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற சடங்கு அது. ஊரில் முச்சந்தியில் வைப்பார்கள். ஆக்லாந்தில் முச்சந்தியில் சோறு வைத்தால் கவுன்சில்காரர் வந்து நிற்பார் என்பதால் பின்வளவு வேலியோரத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நாளும் சனி, ஞாயிறு பார்த்து நகர்ந்துவிடுகிறது.

"இவோன் அக்கா, உங்கட ஈரப்பலாக்காய்க் கறியும் வேணும். அம்மா கிழமைக் கிழமை தேடி வந்து வாங்கினவா. அது இல்லாமல் அம்மான்ர இலை நிறையாது" என்றாள் ராகவி.

இவோன் ஓம் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். அன்றைக்குப் பானையில் மிதந்த மிளகாய் வெடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் கண்ணில் நீர் வடிய நின்று தண்ணீர் கேட்டார்கள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் அவள் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இவோனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவள் பிறந்த வீட்டில் சிலுவையும் உண்டு, வாழையிலையும் உண்டு. நவம்பர் மாதம் ஆத்துமாக்கள் தினத்தன்று கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து, வீட்டில் இலை போடுவார்கள். சாம்ப்ளானி என்று பெயர். சாம்பிராணிப் புகை போடுவதால் அந்தப் பெயர் என்பதே தமிழ் படித்தபிறகுதான் அவளுக்குத் தெரியும். அந்த இலையில் செத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் எது பிடிக்குமோ அது வைக்கப்படும். மாமனுக்கு ரம், சின்னம்மாவுக்கு நண்டு, சிகரெட் பிடித்த பெரியப்பாவுக்கு ஒரு சிகரெட். வருஷம் பூராவும் அவர்கள் அந்த ஒரு சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்லுவார். பிடிக்காத சாப்பாட்டை வைத்தால் தொடாமல் திரும்பிப் போய்விடுவார்கள் என்றும் சொல்லுவார். பாரிசுக்குப் போனாலும் ஆக்லாந்துக்கு வந்தாலும் இவோன் இதை நம்புகிறாள்.

வாக்கை மீறினால் இருக்கிற மனிதர் நொந்துபோவார். வாக்கைக் காத்தால் போன மனுசி, தனக்குப் பிடிக்காத கறியோடு போகவேண்டும். சனிக்கிழமை சில்வெஸ்ரரிடம் சொன்னாள். அன்ரியின் முக்காலி விஷயம் அவனுக்கே அப்போதுதான் தெரியும்.

"செத்த சனத்துக்குப் பசிக்காது, இவோன். உயிரோட இருக்கிற மனுசனை நோகப்பண்ணாதை. கேட்ட கறியைக் குடுத்திட்டு வா" என்றான்.

"எத்தினை வருசமா அவாவின்ர முகத்தைப் பாத்துப் பாத்துக் குடுத்தனான். கடைசியா ஈரப்பலாக்காயைக் குடுத்தே அனுப்புறது?" என்று கேட்டாள் இவோன்.

அன்று பின்னேரம் சில்வெஸ்ரரே போய் எலும்போடு ஆட்டிறைச்சி வாங்கி வந்து, மேசையில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு கறியும் சமைத்தாள். வழியையும் ஒருவாறு யோசித்து வைத்திருந்தாள். படைக்கிற இலையில் கைவைக்கக் கூடாது. அது சைவ வீடு, அந்தக் கூரைக்குக் கீழே இறைச்சியைக் கொண்டுபோவது பெரிய தப்பு. ஆனால் இலையை வெளியே கொண்டுபோய் வைக்கிற வேலையைத் தான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிவிட்டால், வேலியடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டை வைத்துவிட்டு வந்துவிடலாம். வாக்கும் போகாது, அன்ரியும் பசியோடு போகமாட்டார். ஆட்டிறைச்சியை மூடியுள்ள சின்னத் தகரப் பாத்திரத்தில் போட்டு, துணியால் சுற்றி வானிலேயே வைத்துவிட்டு, ஈரப்பலாக்காய்க் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. வரவேற்பறையில் அன்ரியின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்திருந்தார்கள். உறவுப் பெண்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்த கறிகளை ராகவி சொல்லிச் சொல்லி வைத்தாள். இது அம்மாவுக்கு உயிர், இது அம்மா அடிக்கடி செய்வது என்றாள். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, முருங்கைக்காய்ப் பால் கறி, பயத்தம் பணியாரம். இவோனுக்கு ஒவ்வொன்றும் தெரியும். எல்லாம் அன்ரி வாயால் கேட்டவைதான், எல்லாம் அவர் தன் கணவருக்காகச் சமைத்தவை. ராகவி சொல்லச் சொல்ல, இராசநாயகம் படத்தைப் பார்த்தபடி கதிரையில் அசையாமல் இருந்தார். இவோன் பாத்திரத்தை நீட்டியபோது, "வையுங்கோ பிள்ளை" என்றார். அந்த முகத்தைப் பார்த்தாள் இவோன். சவரம் செய்யாத, வற்றிப்போன முகம். இந்த மனிதரை ஏமாற்றப் பார்க்கிறோமே என்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

தேவாரம் பாடி, கற்பூரம் காட்டி முடிந்ததும் இவோன் முன்னால் வந்தாள். இலையைத் தான் வெளியே கொண்டுபோகட்டுமா என்று ராகவியிடம் மெல்லக் கேட்டாள். ராகவி தலையாட்டப் போன நேரம், கதிரையிலிருந்து இராசநாயகம் எழும்பினார். "நான் கொண்டுபோறன்" என்றார். மருமகன் முறையான ஒருவர், முழங்கால் வலியோடு ஏன் என்று தடுத்தார். அவர் கேட்கவில்லை. இலையைப் பெரிய தட்டோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து இவோனைப் பார்த்தார். "நீங்கள் பக்கத்தால வந்து கேற்றைத் திறந்துவிடுங்கோ" என்றார்.

பக்கத்துப் படலைக் கதவைத் திறக்க வானைத் தாண்டித்தான் போகவேண்டும். இவோன் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு துணிச் சுற்றை எடுத்து மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டாள். எதற்கு எடுத்தோம், இனி எப்படி வைக்கப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்ரியை வானுக்குள் விட்டுவிட்டுப் போக மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பின்வளவில் புல் ஈரமாக இருந்தது. வேலியோரத்து பெய்ஜோவா மரத்தடியில் இராசநாயகம் மெல்லக் குனிந்து தட்டை இறக்கி, இலையைப் புல்லில் சரித்து வைத்தார். இவோன் தள்ளி நின்றாள். இனி அவர் திரும்பி உள்ளே போவார், தான் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்தங்கலாம் என்று பார்த்தாள். அவர் போகவில்லை. அடுத்த வீட்டுக் கூரைக்கு மேலே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் பெண்கள் பாத்திரம் ஒதுக்கும் சத்தம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமைகளில சாந்தா நல்ல சந்தோசமா இருப்பா" என்றார் இராசநாயகம், இலையைப் பார்த்துக்கொண்டே.

இவோன் மேலங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மனுரேவாவால நான் வெள்ளெனவே வந்திடுவன். அவா சாப்பிட்டிட்டு வரட்டும் எண்டு ஸ்டேசனில கொஞ்சநேரம் இருந்திட்டுத்தான் வீட்டை போறனான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேக்க வேணும் எண்டு நினைச்சனான் பிள்ளை. கேட்டா விட்டிடுவாவோ எண்டு பயம்."

சொல்லிவிட்டு, அவளுடைய மேலங்கியின் புடைப்பை ஒரு தடவை பார்த்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்கள் கொண்டந்ததை வையுங்கோ. நான் அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இராசநாயகம் முதுகைக் காட்டித் திரும்பி, அடுத்த வீட்டு வேலியைப் பார்த்தபடி நின்றார். இவோன் ஈரப் புல்லில் முழந்தாளிட்டு, மேலங்கிக்குள்ளிருந்து பாத்திரத்தை எடுத்து மூடியைத் திறந்தாள். சூடு இன்னும் இருந்தது. இலையின் நடுவில் குவிந்திருந்த ஈரப்பலாக்காயை விரலால் மெதுவாக ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.